வந்தவாசியில் லாலி தோற்றது எப்படி?

கேள்வி இதுதான்: "1760இல் வந்தவாசிப் போரோடு பிரெஞ்சுத் தளபதி லாலியின் கனவு முடிந்தது என்று பாடப்புத்தகத்தில் இரண்டு வரி இருக்கிறது. ஒரே நாள் சண்டையில் எப்படி எல்லாம் முடியும்? அங்கே உண்மையில் என்ன நடந்தது? அதற்குப் பிறகு நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் என்ன ஆனது?"

சண்டை 1760 ஜனவரி 22ஆம் தேதி காலையில் தொடங்கிப் பிற்பகலில் முடிந்துவிட்டது. அது உண்மை. ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, அதே வந்தவாசியில், லாலியின் சொந்தப் படையினரே சம்பளம் கேட்டு அதிகாரிகளைத் தள்ளிவிட்டு முகாமை விட்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள். என்னைக் கேட்டால் லாலி தோற்க ஆரம்பித்தது அந்த அக்டோபரில்தான். ஜனவரியில் நடந்தது கணக்குத் தீர்த்தது.

முதலில் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வந்தவாசி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989 வரை வட ஆற்காடுதான். வேலூரிலிருந்து ஆரணி, சேத்துப்பட்டு வழியாகப் போகலாம். ஆற்காட்டிலிருந்து செய்யாறு வழியாகவும் போகலாம். இன்று கோரைப்பாய்க்குப் பெயர் போன ஊர். அகழி சூழ்ந்த அந்தக் கோட்டையில் இப்போது மிச்சம் இருப்பது இடிந்த சுவர்கள்தான். அன்று ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குத்தான் கர்நாடகம் என்று பெயர். கர்நாடகப் போர்கள் என்று படிக்கிறோமே, அவற்றில் பாதிக்கு மேல் நாம் பஸ்ஸில் கடந்து போகும் ஊர்களில்தான் நடந்தன. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து ஆற்காட்டு நவாப் அன்வருதீனை வீழ்த்திக் கொன்றார்கள். 1751இல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் இருந்துகொண்டு முற்றுகையைத் தாங்கினார். அதே ஆண்டு ஆரணியில் ஒரு சண்டை, அடுத்த ஆண்டு காவேரிப்பாக்கத்தில் ஒரு சண்டை. பிரெஞ்சுக்காரர்களின் கை ஓங்கத் தொடங்கியது ஆம்பூரில். அந்தக் கை ஒடிந்தது வந்தவாசியில். இரண்டுக்கும் இடையில் பத்தரை ஆண்டுதான்.

லாலி யார்? தாமஸ் ஆர்தர் லாலி, 1702இல் பிரான்சில் பிறந்தவர். அப்பா அயர்லாந்துக்காரர், ஆங்கில அரசை எதிர்த்து நாட்டை விட்டு வந்த குடும்பம். அதனால் ஆங்கிலேயர் மேல் இருந்த பகை அவருக்கு வீட்டிலேயே ஊட்டப்பட்டது. 1745இல் ஃபான்ட்னாய் போரில் பேர் வாங்கினார். வீரத்தில் குறை சொல்லவே முடியாது. கையும் சுத்தம். ஆனால் அவசரக்காரர், முன்கோபி. எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்ற எண்ணத்தோடே 1758 ஏப்ரல் 28ஆம் தேதி புதுச்சேரியில் இறங்கினார். அவருடைய திட்டம் ஒன்றே ஒன்று: இந்தத் தீபகற்பத்தில் ஆங்கிலேயர் ஒருவர்கூட இருக்கக் கூடாது.

தொடக்கம் பிரமாதமாக இருந்தது. ஜூன் 2ஆம் தேதிக்குள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டை அவர் கையில். ஆனால் அந்த வெற்றியிலேயே கோளாறு இருந்தது. சுமை தூக்க ஆள் இல்லை, வண்டி மாடு இல்லை. புதுச்சேரியில் கிடைத்தவர்களை எல்லாம், சாதி வழக்கம் எதையும் பார்க்காமல், பிடித்து மூட்டை தூக்க வைத்தார். ஊர் அவரை வெறுக்க ஆரம்பித்தது அன்றைக்கே. அடுத்து தஞ்சாவூர் மேல் படை எடுத்தார். பழைய கடன் பத்திரம் ஒன்றைக் காட்டி மராட்டிய மன்னரிடம் பணம் வசூலிப்பதுதான் நோக்கம். வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் இருக்கும் என்று தோண்டிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கிருந்த பிராமணர்களை உளவாளிகள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். இதை நான் போர்க்கால அவசரம் என்று ஒதுக்கிவிட மாட்டேன். கொடுமை அது. படைக்கு அரிசியும் மாடும் செய்தியும் தர வேண்டிய மக்களையே எதிரியாக்கிக்கொண்ட முட்டாள்தனமும்கூட. தஞ்சாவூரிலிருந்து வெறுங்கையோடு, பட்டினியோடு திரும்ப வேண்டியதாயிற்று.

அப்புறம் ஆற்காட்டைப் பிடித்தார். 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். ஹைதராபாத்தில் பல ஆண்டுகளாகப் பிரெஞ்சுச் செல்வாக்கைக் கட்டிக் காத்த புஸ்ஸியையும் அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டார். அவர் நகர்ந்த சில மாதங்களிலேயே ஆந்திரக் கடற்கரையை ஒட்டிய வட சர்க்கார் பகுதி கை நழுவியது. 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினத்தையும் ஆங்கிலேயர் பிடித்தார்கள். வட சர்க்கார் என்றால் சாதாரண நிலம் இல்லை. ஆண்டுதோறும் வரிப்பணம் வந்த இடம். சென்னையும் விழவில்லை. ஆங்கிலேயர் பக்கம் இருந்த சிப்பாய்த் தலைவர் யூசுப் கான் போன்றவர்கள் வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையின் தானிய வழிகளைத் தாக்கிக்கொண்டே இருந்தார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் லாலி முற்றுகையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

கடலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகம் இதைத்தான் விட்டுவிடுகிறது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷே, ஆங்கிலக் கடற்படைத் தளபதி போகாக்கோடு மூன்று முறை மோதினார். மூன்றிலும் தெளிவான வெற்றி இல்லை, ஆனால் மூன்றாவது முறைக்குப் பிறகு, 1759 செப்டம்பர் கடைசியில், கொஞ்சம் பணத்தையும் சில நூறு மாலுமிகளையும் புதுச்சேரியில் இறக்கிவிட்டு மொரீஷியஸ் பக்கம் போய்விட்டார். போக வேண்டாம் என்று ஊரே கெஞ்சியது. அவர் திரும்பி வரவே இல்லை. ஆங்கிலேயருக்கோ வங்காளம் இருந்தது. பிளாசிக்குப் பிறகு அங்கிருந்து பணமும் ஆளும் கடல் வழியாக வர முடியும். லாலிக்கு அப்படி ஒரு வழியே இல்லை. கையில் இருந்ததை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

இப்போது வந்தவாசிக்கு வருவோம். 1759 செப்டம்பர் கடைசியில் மேஜர் பிரெரட்டன் என்ற ஆங்கில அதிகாரி, புதுத் தளபதி வந்து சேரும் வரைகூடக் காத்திருக்காமல், இரவில் வந்தவாசிப் பேட்டையைத் தாக்கினார். பிரெஞ்சுப் படை நன்றாகச் சண்டை போட்டு விரட்டியது. ஆங்கிலேயருக்குப் பலத்த இழப்பு. புதுச்சேரியில் கொண்டாட்டம். இரண்டு மூன்று வாரம்தான் போயிருக்கும். வெற்றி பெற்ற அதே படை, அதே ஊரில், கலகம் செய்தது. பல மாதச் சம்பளப் பாக்கி. கப்பலில் வந்த பணமும் தங்களுக்கு வரவில்லை என்ற ஆத்திரம். முரசடித்துக் கூடினார்கள், பீரங்கிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போய் முகாம் போட்டார்கள், தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தலைவராக வைத்துக்கொண்டார்கள். எதிரிப் பக்கம் ஓடவில்லை; சம்பளத்தைக் கொடுங்கள், சண்டை போடுகிறோம் என்றார்கள். ஆறு மாதப் பாக்கியை உடனே தருவதாகப் பேசித்தான் திரும்பக் கூப்பிட முடிந்தது.

இந்தக் கலகத்துக்குப் பிறகு லாலி எடுத்த முடிவுதான் என் கணக்கில் பெரிய தவறு. பணம் வேண்டும், வரி வசூல் நடக்கும் நிலம் வேண்டும். அதற்காகப் படையை இரண்டாகப் பிரித்து ஒரு பெரிய பகுதியைத் திருவரங்கத்துக்கு அனுப்பினார். வடக்கே காவல் இளைத்துப்போனது. அந்த நேரம் பார்த்துச் சென்னையில் இறங்கியிருந்தவர் ஆங்கிலேயரின் புதுத் தளபதி அயர் கூட். வயது 33தான். 58 வயது லாலிக்கு நேர் எதிர்க் குணம். பொறுமைசாலி, சிப்பாய்கள் மேல் அக்கறை உள்ளவர். நவம்பர் கடைசியில் வந்தவாசியைப் பிடித்தார். டிசம்பரில் கருங்குழியையும் பிடித்தார்.

வந்தவாசி போனால் ஆற்காட்டுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருந்த பாலாற்றுத் தென்கரை வரி நிலம் முழுவதும் போச்சு. அதை மீட்டே ஆக வேண்டும். திருவரங்கத்துப் படையைத் திரும்ப அழைத்தார் லாலி. முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை ஏறத்தாழ 3000 பேரைக் கூலி பேசிச் சேர்த்தார். ஜனவரியில் முதலில் காஞ்சிபுரம் மேல் பாய்ந்து ஊரைக் கொள்ளையடித்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். எந்த வழியாகப் படை நடந்தாலும் அந்த வழியில் குடியானவன் வீட்டுத் தானியமும் மாடும்தான் முதலில் போகும். இரண்டு தரப்பும் அப்படித்தான். பிறகு வந்தவாசிக் கோட்டையைச் சுற்றி வளைத்துப் பீரங்கியால் சுவரை உடைக்கத் தொடங்கினார். உள்ளே கேப்டன் ஷெர்லாக் சிறு படையோடு இருந்தார். இந்த முற்றுகை வேண்டாம் என்று புஸ்ஸி சொன்னதை லாலி கேட்கவில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தையே கசப்பாகிவிட்டிருந்தது.

கூட் உத்திரமேரூரில் இருந்தார். உடனே ஓடிவரவில்லை. லாலி முற்றுகை வேலையில் மாட்டிக்கொள்ளட்டும், பீரங்கிகளும் ஆட்களும் கோட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பி இருக்கட்டும் என்று காத்திருந்தார். சுவரில் பிளவு விழுந்துவிட்டது என்ற செய்தி 21ஆம் தேதி வந்ததும் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை முதலில் மோதியது குதிரைப்படைகள். மராட்டியர் கூட்டமாக வந்தார்கள். கூட் இரண்டு பீரங்கியை முன்னே கொண்டுவந்து சுட்டதும் விலகிப் போனார்கள். அதோடு சரி, அன்று முழுவதும் அவர்கள் உருப்படியாக இறங்கவே இல்லை. அடுத்து கூட் செய்ததுதான் அன்றைய சண்டையில் மிகச் சிறந்த காரியம். நேராக முகாம் மேல் போகாமல், படையை வலப்பக்கம் நகர்த்தி ஊருக்கு அருகே உள்ள மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனார். கல்லும் பாறையுமான தரை. அங்கே குதிரை பாய முடியாது. அங்கிருந்து கோட்டையோடும் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். இனி லாலி என்ன செய்வார்? முற்றுகையைத் தொடர முடியாது, சும்மாவும் இருக்க முடியாது. முகாமை விட்டு வெளியே வந்து சண்டை போட்டே தீர வேண்டும்.

எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆங்கிலேயர் பக்கம் ஏறத்தாழ 1900 ஐரோப்பியர், 2100 சிப்பாய்கள், 1250 உள்ளூர்க் குதிரைப்படை. பிரெஞ்சுப் பக்கம் ஏறத்தாழ 2250 ஐரோப்பியர், 1300 சிப்பாய்கள், அப்புறம் ஒதுங்கி நின்ற மராட்டியர். ஐரோப்பியப் படையில் லாலிக்குத்தான் கொஞ்சம் கை கூடுதல். அணிவகுப்பில் வலப்பக்கம் லொரேன் படைப்பிரிவு, நடுவில் பிரெஞ்சுக் கம்பெனிப் படை, இடப்பக்கம் லாலியின் பெயரிலேயே இருந்த படைப்பிரிவு. அந்த இடப்பக்கத்துக்கு முன்னே ஒரு குளக்கரையை அரணாக்கி, தாஷே விட்டுப்போன மாலுமிகளைப் பீரங்கிகளோடு நிறுத்தியிருந்தார்கள்.

லாலி தானே குதிரைப்படையை நடத்தப் போனார். பாயச் சொன்னார். யாரும் நகரவில்லை. தளபதியை அந்த இடத்திலேயே பதவி நீக்கினார், அடுத்தவரிடம் சொன்னார், அப்போதும் தயக்கம். கடைசியில் ஒருவழியாகக் கிளப்பிக்கொண்டு போனால், ஆங்கிலேயரின் இரண்டு பீரங்கி சுட்டதில் முன்வரிசையில் சிலர் விழ, மற்றவர்கள் திரும்பி ஓடிவிட்டார்கள். லாலி ஏறக்குறையத் தனியாக நின்றார். தளபதி பாய்கிறார், படை பின்னால் வரவில்லை. அக்டோபர் கலகத்தின் கசப்பு இங்கேதான் பலித்தது என்று நினைக்கிறேன். சம்பளம் வராத படை, தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கும் தளபதிக்காக உயிரைக் கொடுக்க யோசிக்கும்.

அப்புறம் லொரேன் படையை நெருக்கமான நீள்வரிசையாக்கி, கூட்டின் சொந்தப் படைப்பிரிவு மேல் ஏவினார். இவர்கள் உண்மையிலேயே துணிந்து வந்தார்கள். கூட் தன் ஆட்களைச் சுட விடாமல் பிடித்து வைத்திருந்து, மிக நெருங்கிய பிறகுதான் சுடச் சொன்னார். அப்படியும் நிற்காமல் வந்து ஆங்கில வரிசையின் நடுவைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்துவிட்டார்கள். ஆனால் இரு பக்கமும் நின்றவர்கள் மடங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். துப்பாக்கி முனைக் கத்திகளோடு கைகலப்பு. சில நிமிடத்தில் லொரேன் படை சிதறியது.

அதே நேரத்தில் குளக்கரை அரணில் இருந்த வெடிமருந்து வண்டி மேல் ஆங்கிலக் குண்டு ஒன்று விழுந்து வெடித்தது. ஏறத்தாழ 80 பேர் செத்தார்கள் அல்லது விழுந்தார்கள். அரணுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியும் செத்தார். மிச்சம் இருந்தவர்கள் விட்டுவிட்டு ஓடினார்கள். அந்த இடத்தைப் பிடிக்க பிரெரட்டன் போனார், அதே செப்டம்பர்த் தோல்விக்காரர். பிடித்தார், ஆனால் உயிர்க்காயம் பட்டார். தூக்க வந்த சிப்பாய்களிடம் என்னைப் பார்க்காதே, முன்னே போ என்றாராம். எதிர்ப்பக்கம் புஸ்ஸி கடைசி முயற்சியாக லாலியின் படைப்பிரிவை நடத்திக்கொண்டு வந்தார். குதிரை சுடப்பட்டுக் கீழே விழுந்தார்; சுற்றிப் பார்த்தால் பக்கத்தில் நின்றவர்கள் இருபது பேர் அளவுதான். சிறைப்பட்டார்.

பிற்பகல் இரண்டு மணி அளவில் எல்லாம் ஓய்ந்தது. காலையில் நகர மறுத்த குதிரைப்படைதான் பின்வாங்கும்போது ஒழுங்காக நின்று மற்றவர்களைக் காப்பாற்றியது. லாலி சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சிப் பக்கம் போனார். 24 பீரங்கிகள் ஆங்கிலேயர் கையில். கூட்டின் ஐரோப்பியரில் செத்தவரும் காயம்பட்டவரும் சேர்ந்து ஏறத்தாழ 200 பேர். பிரெஞ்சுப் பக்கம் அதைப் போல மூன்று மடங்கு.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அன்று நம் ஊர்ச் சிப்பாய்கள் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள், ஆனால் முக்கியமான மோதல் ஐரோப்பியருக்குள்தான் நடந்தது. ஆங்கிலேயர் பக்கச் சிப்பாய்த் தலைவர்கள் சண்டை முடிந்ததும் கூட்டிடம் வந்து, இப்படி ஒரு போரைக் கண்ணால் பார்க்க வைத்ததற்கு நன்றி என்று சொன்னார்களாம். நம் நிலத்தை யார் ஆளப்போகிறார்கள் என்பது முடிவான நாளில் நம் ஆட்கள் பெரும்பாலும் பார்வையாளர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

வெடிமருந்து வண்டி வெடித்திருக்காவிட்டால் லாலி ஜெயித்திருப்பார் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. வண்டி வெடித்த நேரத்தில் லொரேன் படை உடைந்தாயிற்று, குதிரைப்படை ஓடியாயிற்று. சரி, ஒரு பேச்சுக்கு அன்று அவர் ஜெயித்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட் செங்கல்பட்டுப் பக்கம் பின்வாங்கியிருப்பார், கப்பலில் ஆளும் பணமும் வந்திருக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி வந்திருப்பார். தோற்றாலும் திரும்ப வரும் வசதி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் இருந்தது. அதனால்தான் ஒரே நாள் போதுமானதாக ஆனது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. சேத்துப்பட்டு, பிப்ரவரியில் ஆற்காடு, தொடர்ந்து திமிரி, திருவண்ணாமலை, ஏப்ரலில் காரைக்கால் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. மைசூரிலிருந்து ஹைதர் அலி அனுப்பிய உதவிப் படையும் நிலைக்கவில்லை. புதுச்சேரி முற்றுகையில் பசி. 1761 புத்தாண்டு நேரத்தில் பெரும் புயல் அடித்து ஆங்கிலக் கப்பல்கள் பல நொறுங்கின. அப்போதும் பயன்படுத்திக்கொள்ளப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் வரவில்லை. ஜனவரி 16ஆம் தேதி நகரம் சரணடைந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஆனந்தரங்கப் பிள்ளை, தன் நாட்குறிப்பில் அந்த ஊரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எழுதி வைத்த மனிதர், காலமானார். கோட்டையை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். ஏப்ரலில் செஞ்சியும் போனது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது, ஆனால் வணிக ஊராக மட்டும்.

லாலியைக் கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். பிரான்சில் தன்னைத் துரோகி என்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாக்குக் கொடுத்து விடுதலை வாங்கி, தானே போய் விசாரணைக்கு நின்றார். பாஸ்டில் சிறையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். 1766 மே 9ஆம் தேதி, பேசிவிடக் கூடாது என்று வாயில் துணியடைத்து, பாரிசில் தலையை வெட்டினார்கள். வால்டேரும் லாலியின் மகனும் போராடியதில் 1778இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று ஆனது. துரோகி இல்லை அவர். கீழ்வேளூருக்காக அவரை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் பணமும் அனுப்பாமல் கப்பலும் அனுப்பாமல் விட்டவர்களின் குற்றத்தையும் சேர்த்து அவர் ஒருவர் தலையில் கட்டியது அநியாயம்.

இனி நம் பக்கம். வந்தவாசியில் ஜெயித்தது பெயரளவில் நவாப் முகமது அலி, ஆம்பூரில் இறந்த அன்வருதீனின் மகன், ஆங்கிலேயர் ஆதரித்தவர். வாலாஜா என்ற பட்டம் 1765இல் கிடைத்தது. வாலாஜாபேட்டை அவர் பெயரில் உள்ள ஊர்தான். உண்மையில் அவருக்குக் கிடைத்தது கடன். போர்ச்செலவு முழுவதும் அவர் கணக்கில் எழுதப்பட்டது. 1763இல் செங்கல்பட்டு நிலப்பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வாங்கிக்கொள்ளும் உரிமையோடு, கொடுத்தார். ஆற்காட்டை விட்டுச் சென்னைச் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு கம்பெனிக் கோட்டை நிழலுக்கே போய்விட்டார். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வரி, அந்த வரி நம் ஏரிப் பாசன வயல்களிலிருந்து. வேலூர்க் கோட்டையும் ஆங்கிலப் படை தங்கும் இடமானது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி அந்தக் கோட்டைக்குள்தான் வெடித்தது.

வந்தவாசிக்கும் நிம்மதி வரவில்லை. இருபது ஆண்டு கழித்து ஹைதர் அலி வந்து அதே கோட்டையை வளைத்தார். உள்ளே பிளின்ட் என்ற லெப்டினென்ட் தாக்குப்பிடித்தார்; 1781 ஜனவரியில் காப்பாற்ற வந்தவர் அதே அயர் கூட், இப்போது நோயாளியான கிழவர். அந்த ஆண்டு செப்டம்பரில் சோளிங்கரில் ஹைதரோடு மோதினார். 1783இல் சென்னையில் இறந்தார். அதே 1783இல் ஆங்கிலேயரே வந்தவாசிக் கோட்டையின் அரண்களை இடித்தார்கள். 1801இல் நவாபின் ஆட்சியும் முடிந்து கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது.